வளரும் பிள்ளைகள் படிக்கும் புதினங்கள்



மக்கட் பருவங்களை நுணுகிப் பகுத்துப் பெயரிட்டது தமிழ் மரபு. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தையே காப்பு, செங்கீரை, தால் எனத் தொடங்கிப் பத்துக் கூறாக்கினர். பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்து, 5 முதல் 7 வயது வரை பேதை என்றும், 8 முதல் 11 வரை பெதும்பை என்றும், 12, 13 வயதில் மங்கை என்றும், 14 முதல் 19 வரை மடந்தை என்றும் வழங்கினர். ஆண்மக்களின் பருவங்களுக்கும் தனிப் பெயர்கள் உண்டு. பெயரிடுவதில் இத்துணை நுட்பம் காட்டிய மொழியில், அப்பெதும்பையும் மங்கையும் அவர்தம் உடன்பிறந்த சிறுவரும் தனித்திருந்து படிப்பதற்கென எழுதப்பட்ட புதினங்கள் எத்துணை என்று எண்ணிப் பார்த்தல் தகும். குழந்தைகளுக்கு அழ. வள்ளியப்பாவும் பூவண்ணனும் வாண்டுமாமாவும் நிறையவே எழுதினர். பெரியோர் படிக்கும் நாவல்களுக்கும் குறைவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, 10 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்டோரின் உள்ளத்தைத் தொடும் நூல்களே அருகிக் காணப்படுகின்றன.

நாம் அலுவல் முறையில் மைய அரசின் ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் உள்ளோம். அவ்வாவணங்களில் இப்பருவத்தினருக்குப் பெயர்கள் பல. உடைமை பற்றிய சட்டம் ‘இளவர்’ என்னும்; நீதி பற்றிய சட்டம் ‘சிறார்’ என்னும்; நல்வாழ்வுத் துறையின் சுற்றறிக்கை ‘வளரிளம் பருவத்தினர்’ என்னும். இப்பெயர்களுள் எதனாலும் எந்தப் பிள்ளையும் தன்னை அழைத்துக்கொள்வதில்லை. ஆங்கிலப் பதிப்பாளர்களோ ஏறத்தாழ 8 முதல் 12 வயது வரை ஒரு வகுப்பும், அதற்குமேல் 18 வயது வரை மற்றொரு வகுப்புமாக நூல்களைப் பிரித்து விற்கின்றனர். முன்னதை நடுநிலைப் பருவ நூல் என்றும், பின்னதை இளையோர் புதினம் என்றும் இவ்வுரையில் குறிப்போம்.

கடந்த ஓராண்டுக் காலமாக இவ்விரு வகை நூல்களுள் இருபதுக்குக் குறையாமல் படித்தோம். தில்லியில் வாழும் நம் இல்லத்தில் 14 வயது மகளும் 11 வயது மகனும் உள்ளனர். பள்ளி நூலகத்திலிருந்தும் உலகப் புத்தகக் கண்காட்சியிலிருந்தும் அவர்கள் கொண்டுவந்தவையே அவற்றுள் பெரும்பாலானவை. தகாதது ஏதேனும் அவற்றுள் உண்டா என்று துருவிப் பார்க்கும் நோக்கம் நமக்கு இல்லை. ஒரு நூலை முடித்த மகள் இரண்டு நாள் அதிகம் பேசாதிருந்தாள். அந்நூலில் அப்படி என்ன இருந்தது என்று அறியும் விருப்பமே நம்மை இப்படிப்பில் இறக்கிற்று.

இந்நூல்களை வரிசையாகப் படிக்கையில் கண்ணிற்படுவது ஒன்று உண்டு. இவற்றுள் பெற்றோர் பெரும்பாலும் இல்லை. இறந்திருப்பர், தொலைவில் இருப்பர், நோயுற்றிருப்பர், குடித்துக் கிடப்பர், வீட்டிலேயே இருந்தால் செவி கொடாதிருப்பர். உலகெங்கும் விற்பனையாகி 1997 முதல் பிள்ளைகளை மயக்கிவரும் ஹாரி பாட்டரும் தாய்தந்தையற்ற சிறுவனே. இதனை ஆசிரியர்களின் கொடுமை எனல் ஆகாது. முடிவெடுக்கும் பெரியவர் அருகில் இருந்துவிட்டால் சிறுவன் செய்வதற்கு ஒன்றும் இராது, கதையும் நகராது. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் அரசகுமாரனைக் காட்டுக்கு அனுப்பிய நம் பாட்டிமார் இந்த உத்தியை நன்கு அறிந்தவர்களே. ஆயினும் பெற்றோராகிய நாம் படிக்கும்போது, கதையில் உள்ள அவ்வெற்றிடம் நம்மை நோக்கிய வினாவாகிவிடுகிறது. ‘இச்சிறுவன் சொல்ல வேண்டியதைக் கேட்க வீட்டில் ஒருவர் இருந்தாரா?’ என்பதே அவ்வினா.

இந்திய நாவல்களுள் அனிதா தேசாய் எழுதிய ‘தி வில்லேஜ் பை தி ஸீ’ இவ்வினாவை நேராகவே எழுப்புகிறது. 1982இல் வெளிவந்து, 1983இல் இங்கிலாந்தின் கார்டியன் இதழ் வழங்கும் சிறுவர் புனைகதைப் பரிசைப் பெற்றது இந்நூல். மும்பைக்குத் தொலைவில்லாத துல் என்னும் கடலோரச் சிற்றூரில் லீலா, ஹரி என்னும் உடன்பிறந்தோர். மூத்தவளுக்கு வயது 13, இளையவனுக்கு 12. தந்தை குடிகாரர், தாய் படுத்த படுக்கை, கீழே இரு சிறு தங்கையர். ஊருக்கு உரத் தொழிற்சாலை வரப்போகிறது என்ற பேச்சு பரவுகிறது. நிலம் போகும், மீன் போகும் என்று பெரியவர்கள் திரண்டு முறையிடுகின்றனர். ஹரி மும்பைக்குப் போய்விடுகிறான். ஏழைகள் உண்ணும் ஒரு சிறு சாப்பாட்டுக் கடையில் அடுப்படியில் வேகிறான். அண்டைக் கடையில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர், அவன் கையில் ஒரு தொழிலைக் கொடுக்கிறார். தொழிற்சாலை வந்தால் வேலையாட்கள் வருவர், அவர்கள் கையில் கடிகாரம் இருக்கும், அது பழுதுபடும். இந்த எளிய கணக்கோடு ஊர் திரும்புகிறான் சிறுவன்.

இங்கே இரு செய்திகள் நம்மை நிறுத்தின. பிள்ளைகளின் துயரத்தில் கடன் என்னும் சொல் அடிக்கடி வருகிறது. வீட்டில் பணம் இல்லை என்பதைப் பெரியவர்கள் மறைப்பதாக எண்ணிக்கொள்கின்றனர். பிள்ளைகளோ அரிசிப் பானையின் அடியைப் பார்த்தே அறிந்துகொள்கின்றனர். இரண்டாவது, அந்தத் தந்தையை ஆசிரியர் கைவிடவில்லை. மனைவி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் அவர் அங்கேயே தங்கிக் குடியை விடுகிறார். தந்தை மனம் மாறுவதற்கும் இடம் வைத்து எழுதும் இப்பெருந்தன்மையைப் பிள்ளைகளுக்கான நூலில் காண்பது மகிழ்ச்சி தந்தது.

ரஸ்கின் பாண்டின் ‘தி ரூம் ஆன் தி ரூஃப்’ இதற்கும் முந்தியது. 17 வயதில் அவர் எழுதிய இந்நாவல் 1956இல் வெளிவந்து, 1957இல் ஜான் லெவலின் ரீஸ் பரிசைப் பெற்றது. இளையோர் புதினம் என்னும் வகை உருப்பெற்றது 1967இல் எஸ். இ. ஹின்டன் என்னும் அமெரிக்கப் பெண் எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலோடு என்று கூறுவோர் உளர். அவரும் அப்போது 18 வயதினரே. அதற்குப் பதினோராண்டு முன்பே டேராடூனின் கடைத்தெருவை வைத்து ஓர் இளைஞர் தம் வயதினரின் தனிமையைத் தாமே எழுதிவிட்டார் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. ஆங்கிலோ இந்தியச் சிறுவன் ரஸ்டி, இந்திய நண்பர்களோடு ஹோலி ஆடியதற்காகக் காப்பாளரிடம் அடிபட்டு, வீட்டை விட்டு வெளியேறுகிறான். அவனை ஏற்றுக்கொள்வோர் நண்பர்களே.

சத்யஜித் ராய் 1965இல் ‘சந்தேஷ்’ என்னும் வங்கச் சிறுவர் இதழில் தொடங்கிய ஃபெலுதா துப்பறியும் கதைகள் மனத்துக்கு இதமானவை. அவற்றைக் கூறுபவன் தோப்ஷே என்னும் இளஞ்சிறுவன். அவனுக்கு மூத்தவனாகிய ஃபெலுதா அவனைச் சிறுவன் என்று ஒதுக்காமல், தான் போகுமிடமெல்லாம் உடன் அழைத்துச் செல்கிறான். கேள்வி கேட்கவும் விடுகிறான். நம் மகன் அக்கதைகளை மும்முறை படித்ததன் காரணம் திருடனைப் பிடிப்பதில் இல்லை. இவ்வுடன்செல்லலில் இருக்கிறது என்றே கருதுகிறோம்.

இனி, நம் மகளை இரண்டு நாள் மௌனமாக்கிய நூலுக்கு வருவோம். அது ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ என்னும் புதினம். இதன் கருவை அமைத்தவர் ஷிவான் டவுட் என்னும் எழுத்தாளர். அவர் 2007இல் புற்றுநோயால் காலமானார். அவர் விட்டுச்சென்ற கருவைக் கொண்டு பேட்ரிக் நெஸ் எழுத, நூல் 2011இல் வெளிவந்தது. 2012இல் எழுத்துக்குக் கார்னகி பதக்கமும், ஜிம் கே வரைந்த ஓவியங்களுக்குக் கேட் கிரீனவே பதக்கமும் கிட்டின. கதை இதுதான்: 13 வயதுக் கானரின் தாய்க்குப் புற்றுநோய். புதிய மருந்து, புதிய சிகிச்சை என்று பெரியவர்கள் நம்பிக்கை மொழிகளையே கூறுகின்றனர். ஆசிரியர்கள் அவன் செய்யும் குற்றத்துக்கும் தண்டனை தருவதில்லை. எல்லாரும் அவனிடம் மென்மையாகப் பேசுகின்றனர். ஒருவரும் உண்மையைப் பேசுவதில்லை. இரவில் வீட்டுக்குப் பின்புறமுள்ள பழைய மரம் பூதமாக எழுந்து வருகிறது. மூன்று கதைகள் சொல்கிறது. நான்காவது கதையை அவனே சொல்ல வேண்டும் என்கிறது. அவன் நெஞ்சுக்குள் புதைத்து வைத்த உண்மை அது. தாய் பிழைக்கமாட்டாள் என்பதை அவன் அறிவான். காத்திருக்கும் துன்பம் தாங்காமல், ‘இது எப்படியாவது முடிந்துவிடாதா’ என்று ஒரு கணம் எண்ணியிருக்கிறான். அவ்வெண்ணமே அவனைத் தின்றுகொண்டிருந்தது.

நூலை நாமும் படித்து முடித்தோம் என்று அறிந்த பின்னரே மகள் கேட்டாள்: “அவன் அப்படி நினைச்சது பாவமா, அப்பா?” தாங்க முடியாத ஒன்று முடிய வேண்டும் என்று எண்ணுவது அன்பின்மை ஆகாது, அன்பு மிக்க இடத்திலேதான் அவ்வெண்ணம் எழும் என்றோம். சிறிது நேரம் கழித்து, தன் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை நெடுநாள் நோயில் இருப்பதையும், பள்ளிப் பேருந்தில் அவள் இதே சொற்களைக் கூறி அழுததையும், அதற்கு என்ன மறுமொழி சொல்வது என்று தெரியாமல் தான் தவித்ததையும் மகள் கூறினாள். இரண்டு நாள் மௌனத்தின் காரணம் விளங்கிற்று. நூலை நாம் படித்திராவிடில் இப்பேச்சு நடந்திராது.

இதனோடு வைத்து எண்ணத் தக்கது காதரீன் பேட்டர்சனின் ‘பிரிட்ஜ் டு தெரபித்தியா’. 1977இல் வெளிவந்து, 1978இல் அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் பெற்றது. ஓடையைக் கயிற்றில் தொங்கித் தாண்டும் விளையாட்டில், கயிறு அறுந்து லெஸ்லி என்னும் சிறுமி இறந்துபோகிறாள். அவளுடைய தோழன் ஜெஸ், அவள் தந்த வண்ணப்பெட்டியை ஓடையில் வீசிவிடுகிறான். பின்தொடர்ந்து வந்த தந்தை, எப்போதும் அதிகம் பேசாத உழைப்பாளி, மகனை மடியில் இருத்திக்கொள்கிறார். உபதேசம் ஒன்றும் இல்லை. மரணத்தைப் பற்றி இது போன்ற நூல் சிறுவருக்கு ஏற்றதன்று என்று அந்நாட்டுப் பள்ளிகளில் இதனை விலக்கக் கோரியவர்களும் உண்டு.

நம்மவரிடையேயும் அக்கருத்துடையோர் பலர். ‘படிக்கிற வயதில் சாவும் குடியும் எதற்கு? நல்லொழுக்கம் புகட்டும் கதைகள் போதாவா?’ என்பர். இதற்கு நம் மரபே விடை தருகிறது. கோவில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் அரிச்சந்திரன் கூத்தில், பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைத் தாய் சுடுகாட்டுக்குத் தூக்கிவருவதும், சுடலை காக்கும் கணவனே கூலி கேட்டுத் தடுப்பதும் நடந்தபோது, முன்வரிசையில் சாக்கு விரித்து அமர்ந்திருந்தவர்கள் சிறுவர்களே. பெற்ற தந்தையே கொல்லத் துணிந்த பிரகலாதன் கதையையும், பதுமவியூகத்துள் தனித்து மாண்ட அபிமன்யுவின் கதையையும், கோவலன் கொலையுண்ட கதையையும் நாம் ஐந்தாறு வயதிலேயே கேட்டுவிட்டோம். துயரத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க நம் முன்னோர் முனையவில்லை.

வேறுபாடு ஒன்று உண்டு. லோகிதாசனுக்காக அழுத சிறுவன் தன் பாட்டியின் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளும் அழுதுகொண்டிருந்தாள். கானருக்காக அழும் சிறுமி கதவைச் சாத்திய அறையில், மேசை விளக்கின் கீழ்த் தனியே அழுகிறாள். கதையில் துயரம் இருப்பது பழையது. அதனைத் தனியே தாங்க வேண்டியிருப்பதே புதியது. எனவே பிள்ளை படிக்கும் நூலைப் பெற்றோரும் படிப்பது கூத்துப் பார்க்கும்போது அருகில் அமர்ந்திருந்த அந்தப் பாட்டியின் இடத்தை நிரப்பும் செயலே.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்வோர்க்கு மற்றுமொரு கவலை உண்டு. நம் மகளிடம் நடந்த அவ்வுரையாடல் தமிழில் தொடங்கி இடையிலேயே ஆங்கிலத்துக்குத் தாவிற்று. வீட்டில் சோறு, குளியல், கடை, கோவில் ஆகியவற்றுக்குத் தமிழ் இருக்கிறது. அச்சம், நாணம், பொறாமை, இழப்பு ஆகியவற்றைப் பிள்ளைகள் ஆங்கில நூல்களில் கற்றமையால், அவற்றைச் சொல்ல ஆங்கிலமே வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் ‘கிரஷ்’ என்று வழங்கும் அந்த இளம் மயக்கத்துக்கு நாம் ஒரு தமிழ்ச் சொல் தேடினோம். ‘காதல்’ என்றால் பாரமாகிறது. ‘மையல்’ என்றால் பிள்ளைகள் சிரிக்கின்றனர். சுற்றறிக்கைக்குச் சொல் ஆக்குவது எளிது. பதினான்கு வயது மனத்துக்குச் சொல் ஆக்குவது அரிது. அச்சொற்களை அகராதியால் தர இயலாது. கதைகளே தர வேண்டும்.

தந்துகொண்டிருக்கின்றன என்பது ஆறுதல். சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கெனத் தனி விருது வழங்கி வருகிறது. 2020இல் அவ்விருதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ என்னும் நூலை நாம் மகனுக்கு இரவுதோறும் வாய்விட்டுப் படித்துக் காட்டினோம். தில்லியில் வளரும் அவனுக்குத் தமிழ் எழுத்து தட்டுத்தடுமாறியே வரும், செவிக்குத் தடையில்லை. கொலு வைக்கும் வீடுகளில் நாம் காணும் அதே மரப்பாச்சி, இக்கதையில் பேசத் தொடங்குகிறது. பெரியவர் ஒருவரின் தகாத செயலை மறைத்து வைக்க வேண்டியதில்லை, வெளியே சொல்லலாம் என்னும் துணிவை ஒரு சிறுமிக்குத் தருகிறது. இக்குற்றத்தைத் தண்டிக்க 2012இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 18 வயது நிரம்பாத அனைவரையும் அது காக்கிறது. ஆயினும் பிள்ளை வாய் திறந்தால்தான் சட்டம் கண் திறக்கும். வாய் திறப்பதற்கு வேண்டிய சொற்களை, அருவருப்பும் அச்சுறுத்தலும் இன்றி, தாய்மொழியில், பத்து வயதினர்க்கு விளங்கும்படி ஒரு கதை தருமாயின் அதனினும் பெரிய தொண்டு ஏது? 2023இல் இதே விருதைப் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியின் தொன்மையைச் சிறுவர் கைக்கு எட்டச் செய்கிறது. இத்தகைய நூல்கள் இன்னும் பல வர வேண்டும். வந்தவற்றை நாம் வாங்க வேண்டும்.

இப்படிப்பை மேற்கொள்ள விழையும் பெற்றோர்க்குச் சில சொற்கள். பிள்ளை முடித்த பின்னரே நூலைக் கையில் எடுங்கள். முந்திப் படித்து முடிவைச் சொல்லிவிடாதீர்கள். ‘இதனால் நீ அறிந்த நீதி யாது?’ என்று தேர்வு வினாப் போலக் கேட்பதைத் தவிர்க்க. யாரைப் பிடித்தது, யாரைப் பிடிக்கவில்லை என்று கேட்பது போதும். மற்றவை தாமே வரும். மறுமொழி வராத நாள்களும் இருக்கும். அப்போது பொறுத்திருப்பதே முறை. வீட்டில் பெரியவர் நூல், சிறியவர் நூல் என்று அலமாரியைப் பிரிக்காமல் ஒன்றாக அடுக்குங்கள். வாரத்துக்கு இரண்டு இரவு, அரை மணி நேரம், ஒரு தமிழ் நூலை உரக்கப் படியுங்கள். ஆங்கிலத்தில் படித்த கதையைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொல் கிடைக்காமல் பிள்ளை நிற்கும் இடத்தில் நாமும் நின்று, சேர்ந்து தேடுவோம்.

இந்நூல்களில் வரும் சிறுவர் சிறுமியர் தம் உண்மையை மரத்திடமும் மரப்பாச்சியிடமும் கடிகாரக் கடை முதியவரிடமும் கூறுகின்றனர். கதைக்கு அது அழகு. வீட்டிலோ, அவ்வுண்மையைக் கேட்க மரப்பாச்சியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தாயும் தந்தையும் இருக்கின்றோம். பிள்ளையின் தலையணை அருகே கிடக்கும் நூலை எடுத்து முதற் பக்கத்தைத் திருப்புவது அதற்கு நல்ல தொடக்கம்.